சேறு விடாதது

மட்டிச் சிப்பி எடுக்கத் தடை போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. துறைமுக வாயிலில் மூழ்கிய இழுவைப் படகொன்றின் எண்ணெய் கிண்ணியாக் கரைவரை வந்து ஒரு கிழமை மிதந்தது. பிறகு காணாமல் போயிற்று. தண்ணீர் பழையபடி தெளிந்தும் தடை எடுபடவில்லை. மட்டி எடுத்துப் பிழைத்த முப்பது பெண்கள், சங்கத் தலைவி ஸல்ஹாவின் வாசலுக்கு நடந்து நடந்து ஓய்ந்தார்கள். அவளிடம் "பொறுங்க" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறென்ன இருந்தது?

கடைசியில் அடிமண்ணைச் சோதிக்க ஆய்வுகூடத்திலிருந்து பிரகலாதன் வந்தான். இடம் காட்ட ஸல்ஹாவும் தோணியில் ஏறினாள்.

"தண்ணி கண்ணாடி மாதிரி இரிக்கே தம்பி. இன்னும் என்னத்தச் சோதிக்கிற?"

"எண்ணெய்க்குத் தண்ணியோட ஒத்துப்போகாது அக்கா. கண்ணா மரத்து இலை உக்கிக் கறுப்பாக் கிடக்கிற சேறுதான் அதுக்குப் பிடிச்ச இடம். அதில ஒட்டினால் வருசக்கணக்கா விடாது. வெறும் மணலெண்டால் நீரோட்டம் கழுவிக்கொண்டு போயிடும்."

"மட்டிய ரெண்டு நாள் நல்ல தண்ணில ஊறப்போட்டா மண்ணெல்லாம் துப்பிரும். எண்ணெயத் துப்பாதா?"

"மண் சும்மா உள்ளுக்குக் கிடக்கிறது, துப்பும். எண்ணெய் அதின்ர கொழுப்புக்குள்ள போய் இருந்திடும். ரெண்டு நாளில போகாது."

ஸல்ஹா இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். இடப்பக்கம் கண்ணா மரங்கள் அடர்ந்த அலையாத்திக் காடு. மட்டியெல்லாம் அதன் ஓரத்தில்தான், முழங்கால்வரை புதையும் கறுஞ்சேற்றில். வலப்பக்கம் நீரோட்டம் அலசிப்போகும் மணல் திட்டு. முப்பது வருடத்தில் அங்கே அவள் ஒரு மட்டிகூட எடுத்ததில்லை.

"எந்தப் பக்கம் அக்கா எடுக்கிறனீங்கள்?"

ஸல்ஹா வலப்பக்கம் கையைக் காட்டினாள்.

இரும்புக் கவ்வி இறங்கி ஏறியது. வெளுத்த மணல். பிரகலாதன் அதை விரலால் கிளறினான். ஒரு மட்டி ஓட்டுத் துண்டுகூடத் தட்டுப்படவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"இதிலயோ எடுக்கிறனீங்கள்?"

"ஓம்."

"நீங்கள் காட்டின இடமெண்டுதான் எழுதுவன்."

"எழுதுங்க."

அவன் போத்தல்களை நிரப்பி மூடிகளை இறுக்கினான். திரும்பும்போது இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

குற்றமில்லை என்று அறிக்கை வந்தது. தடை எடுபட்டது. ஐந்தாம் நாள் மத்தியானம் கரையில் வியாபாரியின் தராசைச் சுற்றி ஒரே சிரிப்பு.

"ராத்தா, எட்டு மாசத்தில என்ட இடுப்புக்குக் குனியிறதே மறந்துபோச்சி," என்றாள் சாக்கோடு நின்ற ஜெஸ்மின். "இந்தத் தராசுக்காரருக்கு மட்டும் ஏமாத்துறது மறக்கல்ல."

"நான் ஏமாத்தினாத்தானே நீங்க ஏசலாம். இல்லாட்டி உங்களுக்குப் பொழுது போகாதே," என்றான் அவன்.

ஸல்ஹாவும் சிரித்தாள். அவளுடைய கைகள் முழங்கைவரை கறுத்திருந்தன. நான்கு நாளாகச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்புப் போகவில்லை.

அப்போது அவளுடைய மகள் றிஷானா ஒரு பேசின் பாத்திரத்தோடு வந்தாள். ஏழு மாத வயிறு.

"உம்மா, ஊறப்போட்டதில கொஞ்சம் தாங்க. எட்டு மாசமா நாக்கு செத்துக் கிடக்கு."

"உனக்கு வேணாம்."

"ஏன்?"

"வேணாண்டா வேணாம். வீட்ட போ."

நினைத்ததைவிடக் குரல் உயர்ந்துவிட்டது. ஸல்ஹாவின் கை தானாகவே பேசினைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தது. பெண்களின் சிரிப்பு நின்றது.

"ஏன் ராத்தா?" ஜெஸ்மின் மெதுவாகக் கேட்டாள். "அறிக்கை நல்லாத்தானே வந்திரிக்கி?"

"நல்லாத்தான் வந்திரிக்கி."

"அப்ப புள்ளைக்குக் குடுங்க."

ஸல்ஹா கொடுக்கவில்லை. ஒவ்வொரு முகமாக விசயம் விளங்கிக்கொண்டு போவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்ட மூணு புள்ளைகளும் முந்தாநாள் தின்டுட்டுதுகள்," என்றாள் ஜெஸ்மின். யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

"அடுத்த சாக்கு ஆர்ட?" என்று கேட்டான் வியாபாரி.

ஜெஸ்மின் குனிந்து தன் சாக்கைத் தூக்கித் தராசில் வைத்தாள்.

"என்ட," என்றாள்.