இருநூற்றுப் பன்னிரண்டு நெஞ்சுக்கு ஒரே நோயாளி

"அம்மா, இந்த ஆளுக்கு எத்தனை தடவைதான் நெஞ்சைப் படம் எடுப்பாங்க?"

பள்ளி விடுமுறையில் அம்மாவோடு பாலிகஞ்ச் அலுவலகத்துக்கு வந்திருந்த ஏழு வயது மேக்னா, கணினித் திரையைப் பார்த்துக் கேட்டாள். மதுவந்தி எட்டிப் பார்த்தாள். 'டெஸ்ட் பேஷன்ட்' என்ற ஒரே பெயரில் இருநூற்றுப் பன்னிரண்டு எக்ஸ்ரே படங்கள். ஒன்றில் கூன் விழுந்த முதுகு. ஒன்றில் குழந்தையின் சின்ன விலா. இன்னொன்றில் கழற்ற மறந்த தாயத்து. படைத்தவன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நெஞ்சைக் கொடுத்திருக்க, நிறுவனம் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பெயரைக் கொடுத்திருந்தது.

கிராமத்துச் சுகாதார நிலையங்களில் எடுக்கும் எக்ஸ்ரே படங்களை கிளவுடில் சேமித்து, நகரத்து டாக்டர்களிடம் காட்டி, ரிப்போர்ட் வாங்கித் தருவது அந்த நிறுவனத்தின் தொழில். 'ஏழையின் ஒரு படம்கூடத் தொலையாது' என்று வரவேற்பறையில் ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். தொலையவில்லைதான். யாருடையது என்றுதான் தெரியவில்லை.

எல்லாம் படிவத்தால் வந்த வினை. முப்பத்தேழு கட்டங்களையும் நிரப்பினால்தான் படம் ஏறும். அதில் நோயாளியின் மின்னஞ்சல் முகவரியும் கட்டாயம். படகில் ஆற்றைக் கடந்து, இருமிக்கொண்டே வரும் மீனவர் அதற்கு எங்கே போவார்? அந்த ஆற்றங்கரைச் சுகாதார நிலையத்தில் எக்ஸ்ரே எடுக்கும் ரஞ்சன் மண்டல் மூன்று மாதம் முன்பு போன் செய்து இதைத்தான் கேட்டான். மதுவந்தி அப்போது லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தாள். சோதனைக்காக எல்லாக் கட்டங்களையும் முன்பே நிரப்பி வைத்திருந்த பெயர் ஒன்று அவளுக்கு நினைவு வந்தது.

"இப்போதைக்கு டெஸ்ட் பேஷன்ட் பேர்ல ஏத்துங்க. படிவத்தை மாத்தச் சொல்றேன்."

சொன்னவள் மறந்துபோனாள். ரஞ்சனோ நோயாளிகளின் பெயரும் நேரமும் எழுதிய பதிவேட்டுப் பக்கத்தைத் தினமும் சாயங்காலம் அவளுடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்பினான். ஒன்றைக்கூட அவள் திறந்ததில்லை.

இப்போது அவள் மேலாளர் ஜம்புநாதனின் அறைக்குப் போனாள்.

"சார், டெஸ்ட் பேஷன்ட்டுக்குப் போட்டிருக்கிற மின்னஞ்சல் யாரோடது?"

"என்னோடதுதான். டெமோவுக்காகப் போட்டேன். ஏன் கேக்கறேள்?"

"அப்ப டாக்டர் ரிப்போர்ட் எல்லாம் உங்களுக்குத்தான் வந்திருக்கும்."

"ஓ, அதுவா! எவனோ தினம் எனக்குக் காசநோய்னு எழுதறான். மறுநாள் நுரையீரல்ல தண்ணிங்கறான். போன மாசம் நான் கர்ப்பமான்னு கேட்டான்! அன்னிக்கே பிளாக் பண்ணிட்டேன்."

"அவங்கல்லாம் நிஜ நோயாளிங்க சார்."

ஜம்புநாதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். துடைத்ததும் தெளிந்துவிட்டார். "திங்கக்கிழமை டெல்லியிலேர்ந்து விருந்தாளிகள் வரா. திரையில இந்தக் குப்பை தெரியப்படாது. அதுக்குள்ள சரியாகலேன்னா மொத்தத்தையும் அழிச்சுடுங்கோ. டெஸ்ட்னா டெஸ்ட்தானே?"

பிறகு ரஞ்சனை ஸ்பீக்கரில் கூப்பிட்டு ஹிந்தியில் கத்தினார். "யார் உன்னை இப்படி ஏத்தச் சொன்னது?"

மதுவந்தி போனிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டாள். மறுமுனையில் இருமல் சத்தங்களுக்கு நடுவே ரஞ்சன் பதில் சொன்னான்.

"யாரும் சொல்லலை சார். தப்பு என்னோடதுதான்."

"திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா வேற வேலை பாத்துக்கோ!"

போனை வைத்துவிட்டு அவர் பெருமூச்சு விட்டார். "பாத்தேளா? இவாளுக்கெல்லாம் பொறுப்புங்கறதே கிடையாது."

ரஞ்சனின் ஊரில் இருக்கும் இன்டர்நெட்டில் ஒரு படம் திறக்கவே கால்மணி நேரமாகும் என்பது இருவருக்குமே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேக்னாவை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு மதுவந்தி தனியாக அலுவலகம் வந்தாள். பூட்டைத் திறந்தாள்; வாட்ஸ்அப்பையும் திறந்தாள். ஒவ்வொரு பக்கத்துக்கு மேலேயும், வங்காளி வழக்கில் அவளை அக்கா என்று அழைத்து, ஒரு வரி இருந்தது. 'திதி, இன்று மூன்று பேர்.' 'திதி, இன்று ஒருவர்தான், புயல்.' பக்கத்திலிருந்த நேரத்தைப் படத்தின் நேரத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு நெஞ்சுக்கும் அதற்குரிய பெயரை எழுதினாள். மின்னஞ்சல் கட்டம் அத்தனையிலும் தன்னுடைய முகவரியையே போட்டாள்.

படங்களோடு கிளவுடில் சேமித்திருந்த ரிப்போர்ட்டுகளில் ஏழில் 'உடனே சிகிச்சை தேவை' என்றிருந்தது. அதில் ஒன்று எட்டு வாரம் பழசு. சுகாதார நிலையத்து நர்ஸுக்குப் போன் செய்து ஏழு பெயர்களையும் வாசித்தாள். ஆறு பேரின் வீடு தனக்குத் தெரியும், இப்போதே ஆள் அனுப்புகிறேன் என்றாள் நர்ஸ். ஏழாவது ஆள் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கிறாராம். அவருடைய மச்சான் எண்ணை வாங்கி, விடாமல் நாலு முறை அடித்து, ஆளைப் பிடித்துச் சொல்லி முடித்த பிறகுதான் மதுவந்தி தண்ணீர் குடித்தாள்.

கடைசிப் படமும் முடிந்தபோது திரையில் இன்னும் இரண்டு கட்டங்கள் வந்து நின்றன. இரண்டும் கட்டாயம்.

'பிழை செய்தவர்' என்ற கட்டத்தில் மதுவந்தி என்று எழுதினாள். 'திருத்தியவர்' என்ற கட்டத்தில் ரஞ்சன் மண்டல் என்று எழுதினாள். அலுவலகம் முழுவதும் நாற்காலிகள் காலியாக இருந்தன. அவள் பொத்தானை அழுத்தினாள்.