ஆறு மணிக்கு முந்தைய கட்டங்கள்

"அங்க தேவை இல்லையேம்மா" என்றார் எங்கள் திட்டப் பிரிவின் தலைவர். நான் பேனா மூடியைக் கடித்துக்கொண்டேன். இல்லாவிட்டால் அவர் மேலேயே பாய்ந்திருப்பேன்.

விஷயம் இதுதான். புறநகர்ப் பேருந்து வசதியை மேம்படுத்த மேலிடத்திலிருந்து நிதி வந்திருந்தது. எந்தத் தடத்துக்கு என்ன செய்யப்போகிறோம் என்று மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நிதி வந்த வழியே திரும்பிப் போய்விடும். இருபத்தேழாம் தடத்தின் கடைசி நிறுத்தம் தண்ணீர்த்தொட்டி. அதற்கு நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: காலை ஐந்து மணிக்கு ஒரு பேருந்து. இப்போது அங்கே முதல் வண்டி போய்ச் சேர்வதே ஆறு பத்துக்கு. தலைவர் தரத் தயாராக இருந்ததோ ஒரு கண்ணாடி நிழற்குடையும், அடுத்த வண்டி எப்போது வரும் என்று காட்டும் ஒரு மின்பலகையும்.

"பஸ்ஸே இல்லாத நேரத்துல அந்தப் போர்டு என்னத்த சார் காட்டும்?"

"மணி காட்டும்மா."

சிரிக்காமல் சொன்னார், அதுதான் கொடுமை. அடுத்து ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். அரை மணிக்கு ஒரு கட்டமாகப் பிரித்த பயணிகள் எண்ணிக்கை அட்டவணை. நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரை நான்கு கட்டங்கள். நான்கிலும் பூஜ்யம்.

"பாத்தியா? ஒருத்தர் கூட இல்ல. நிதி குடுக்கறவங்க மொதல்ல இந்த அட்டவணையைத்தான் கேப்பாங்க. நான் எந்த மூஞ்சியோட அஞ்சு மணிக்கு பஸ் கேக்கறது? அதுவும் இது யார் போட்ட அட்டவணை? உன்னோடதுதானே?"

என்னுடையதுதான். பயணிகள் கணக்கெடுப்பு என் பொறுப்பில் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் ஒருத்தர்கூட இல்லை என்றால் என் தங்கை யாராம்? ஆவியா?

தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் மூன்றாவது தெருவில்தான் அவள் குடியிருக்கிறாள். வாடகை குறைவு என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே போனாள். அப்போது, "பஸ்ஸெல்லாம் வந்துடும்டி, நான் எதுக்கு இருக்கேன்?" என்று பெருமை பீற்றியவள் நான். ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யும் அறையில் அவளுக்கு வேலை. ஆறு மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நேரத்தில் ஆட்டோக்காரர்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். அதனால் தினமும் நாலரைக்குக் கிளம்பி, விளக்கில்லாத சாலையில் முக்கால் மணி நேரம் நடந்து, நாற்சந்தியில் ஐந்து இருபது வண்டியைப் பிடிப்பாள். அதை விட்டால் அடுத்தது ஆறு மணிக்குத்தான். அந்த மாதத்தில் ஏற்கெனவே இரண்டு முறை விட்டிருந்தாள். மூன்றாவது முறை தாமதமானால் வேலை கிடையாது என்று கையில் எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

அன்று மதியம் அவளிடமிருந்து போன் வந்தது.

"என்னக்கா, பஸ் கதை என்னாச்சு?"

"பாத்துக்கிட்டே இருக்கேன்."

"ரெண்டு வருஷமா பாக்கற. அந்த ஆபீஸ்ல நீ என்னதான் கிழிக்கற?"

"வெய்டி போனை" என்றேன். வேறு என்ன சொல்வது?

கோபத்தை யார் மேலாவது கொட்டியாக வேண்டும் அல்லவா? நேரே கீழ்த்தளத்துக்குப் போனேன். கணக்கெடுப்பாளர்கள் அங்கேதான் உட்காருவார்கள். இருபத்தேழாம் தடத்தை எண்ணுகிறவரைக் குடைக்காரர் என்று கூப்பிடுவோம். வெயிலோ மழையோ அவர் கையில் குடை இருக்கும். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம். ஒரு நாள் லீவு போட்டது கிடையாது; பொய்க்கணக்கு எழுதியதும் கிடையாது. நான் அட்டவணையை அவர் மேஜையில் வீசினேன்.

"தண்ணித்தொட்டில விடியக்காலைல நூறு பேர் நடந்து போறாங்க. நீங்க பூஜ்யம்னு எழுதி வெச்சிருக்கீங்க. கண்ணு தெரியலையா, இல்ல தூங்கிட்டீங்களா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை நிதானமாகப் பார்த்தார்.

"நான் பூஜ்யம்னு எழுதலையேம்மா. காலியாத்தான் விட்டேன்."

"ஏன் காலியா விட்டீங்க?"

"நான்தான் அந்த நேரத்துல அங்க இல்லையே."

"ஏன் இல்ல?"

என்னை ஏதோ குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அங்க போக பஸ் வேண்டாமா? நானே ஆறு பத்து வண்டிலதானேம்மா போய் எறங்கறேன்."

முதல் பேருந்துக்கு முன்னால் அந்த ஊரில் யாருக்கு என்ன தேவை என்று எண்ணப் போகிற ஆள், அந்த முதல் பேருந்திலேயேதான் போகிறார். ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை. நாற்பத்தொரு புறநகர்த் தடங்களிலும் பதினோரு வருஷமாக இதே கூத்து. சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"காலியா விட்டத யார் பூஜ்யமாக்கினது?" என்று கேட்டேன்.

குடைக்காரர் எண்ணிக்கைப் படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் இருந்த குறிப்புகளில் நான்காவதன் மேல் விரலை வைத்தார். 'காலியாக உள்ள கட்டங்களைப் பூஜ்யமாகக் கொள்க.' அதன் கீழே என் கையெழுத்து.

நான்தான் எழுதினேன். அப்போது புதிதாக வந்த கணினி காலிக் கட்டத்தை ஏற்றுக்கொள்ளாமல் கத்திக்கொண்டே இருந்தது. அதன் வாயை அடைக்க ஒரு பூஜ்யம் போட்டேன். பிறகு அதை அடியோடு மறந்துபோனேன். மேலிடம் உருப்படாது, தலைவர் உருப்படமாட்டார் என்று இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியவள் நான். வெட்கமாக இருந்தது. குடைக்காரர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். அதையும் குடிக்கத் தோன்றவில்லை.

தலைவரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நாப்பத்தொரு தடமா? இத வெளிய சொன்னா நம்ம ரெண்டு பேர் தலையும் உருளும்மா."

"உருளட்டும் சார். சொல்லித்தான் ஆகணும்."

"சரி, சரி, கத்தாத. நாப்பத்தொண்ண அப்புறம் பாப்போம். இருபத்தேழுக்கு மட்டும் வெள்ளிக்கிழமைக்குள்ள புது எண்ணிக்கை கொண்டா. வாங்கித் தர வேண்டியது என் பொறுப்பு."

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. கணக்கெடுப்பாளரை விடியற்காலையில் அங்கே கொண்டுபோய் விட அலுவலக வேனைக் கேட்டேன். வேன் ஓட்டுநரின் பணிநேரம் எட்டு மணிக்குத்தான் தொடங்குகிறது என்றார்கள். ஓட்டுநரை ஒருநாள் சீக்கிரம் வரச் சொல்லலாமே என்றேன். அவர் வீடும் புறநகரில்தான், அந்த நேரத்தில் அவருக்கும் பேருந்து கிடையாது என்றார்கள். சிரிப்பதா அழுவதா?

கடைசியில் நானே கிளம்பினேன். வியாழக்கிழமை இரவு தங்கை வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டேன். எண்ண வந்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. பஸ் வரட்டும், வந்த பிறகு சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் ஒரு சமாதானம்.

காலை நான்கு மணிக்கு நிறுத்தத்தில் போய் நின்றேன். நிறுத்தம் என்றால் ஒரு கம்பம், ஒரு தகரப் பலகை, அவ்வளவுதான். ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தலையில் துண்டு கட்டியவர்கள், கையில் சாப்பாட்டுப் பை, சிலர் காலில் ரப்பர் செருப்பு. யாரும் நிறுத்தத்தில் நிற்கவில்லை. வராத பஸ்ஸுக்கு எதற்கு நிற்பது? விறுவிறுவென்று நடந்துகொண்டே இருந்தார்கள். படிவத்தில் 'நிறுத்தத்தில் காத்திருப்போர்' என்றுதான் இருந்தது. அதை அடித்துவிட்டு 'நடந்து போவோர்' என்று எழுதினேன். செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒரு அம்மா என்னை நின்று பார்த்தாள்.

"என்னம்மா எழுதற?"

"பஸ் விடறதுக்கு ஆள் எண்ணறேன்."

"பஸ்ஸா? இங்கயா?" என்று சிரித்தாள். "எங்க பேரையெல்லாம் எழுதிக்கிட்டுப் போனவங்கள நெறைய பாத்தாச்சு. நல்லா எழுது, தாயி." நடையை நிறுத்தாமல் போய்விட்டாள்.

நான்கு இருபத்தைந்துக்குள் முப்பத்தெட்டுப் பேர். அப்போதுதான் தங்கை வந்தாள். என் டார்ச் மங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையில் படிவம் செருகிய அட்டை, ஒரு கையில் பேனா. எதிரே ஒரு கும்பலாக ஏழெட்டுப் பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் உன் டார்ச்சப் பிடியேன், ஒரே நிமிஷம்."

"லேட்டாயிடும்க்கா."

"ஒரு நிமிஷம்டி. உனக்காகத்தானே எண்ணறேன்?"

பிடித்தாள். கும்பலை எண்ணி எழுதிவிட்டு அடுத்த படிவத்துக்குத் தாளைத் திருப்பினேன். வெளிச்சம் பின்பக்கத்தில் விழுந்தது. அவள் சும்மா இருப்பவளா? எது கண்ணில் பட்டாலும் படித்துவிடுவாள், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

"காலியாக உள்ள கட்டங்களைப் பூஜ்யமாகக் கொள்க" என்று உரக்கப் படித்தாள். "அப்படின்னா என்னக்கா? எண்ண ஆளே வரலைன்னாலும் பூஜ்யமா?"

நான் அவசரமாகத் தாளைத் திருப்பப் பார்த்தேன்.

"இங்க விடியக்காலைல யாரும் வந்து எண்ணிப் பாத்ததே இல்லையே." டார்ச்சைக் கீழே இறக்கினாள். "இது உன் கையெழுத்துதானே?"

"பதினோரு வருஷத்துக்கு முன்னால எழுதினதுடி. கம்ப்யூட்டர் ஏத்துக்கல, அதனால..."

"அதனால நாங்க யாரும் இல்லன்னு எழுதிட்ட."

"தெரியாம பண்ணிட்டேன்."

"ரெண்டு வருஷமா இந்த இருட்டுல நடக்கறேன். நாய் தொரத்துது, லாரிக்காரன் உரசிக்கிட்டுப் போறான். ஒவ்வொரு தடவையும் நீ என்ன சொன்ன? மேல இருக்கறவங்க மோசம், மேல இருக்கறவங்க மோசம்னுதானே? எல்லாம் நீதானா?"

"தப்புதான். போதும், நீ கெளம்பு, நேரமாச்சு."

"நேரமாச்சா? இப்பதான் உனக்கு நேரம் தெரியுதா?"

அழுதுகொண்டே திட்டினாள். நானும் கத்தினேன். அம்மா உன்னைத்தான் புத்திசாலி என்பாள் என்று அவள் சொல்ல, இந்த வீட்டுக்கு உன்னை யார் குடிவரச் சொன்னது என்று நான் கேட்க, ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு நடந்து போனார்கள். எண்ண வந்தவள் அவர்களை எண்ணவும் மறந்தேன். அவள் டார்ச்சை என் கையில் திணித்துவிட்டு ஓடியபோது மணி நான்கு நாற்பத்தெட்டு.

அந்தச் சாலையில் எவ்வளவுதான் ஓட முடியும்? அவள் நாற்சந்திக்கு வரும்போது ஐந்து இருபது வண்டியின் பின்விளக்குதான் தெரிந்ததாம். ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது ஆறு முப்பத்தைந்து.

பதினோரு மணிக்கு நான் அவளுடைய மேற்பார்வையாளருக்குப் போன் செய்து கெஞ்சினேன். என்னால்தான் தாமதம், என் தவறுதான் என்று சொன்னேன். அவர் மரியாதையாகவே பேசினார்.

"நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா பதிவேட்டுல லேட்டுன்னு இருக்கு. ஏன் லேட்டுன்னு எழுத அதுல எடம் இல்லையே."

போனை வைத்துவிட்டேன்.

எண்ணிக்கை தொண்ணூற்றாறு. சண்டை போட்ட நேரத்தில் விட்டுப்போனவர்கள் தனி. வெள்ளிக்கிழமை மாலை தலைவரின் அறையில் அதை வைத்தேன். கூடவே நாற்பத்தொரு தடங்களுக்கும் பொருந்தும் ஒரு கடிதமும் வைத்தேன். தவறு என்னுடையது, நான்காவது குறிப்பை ரத்து செய்கிறேன் என்று. தலைவர் இரண்டையும் படித்துவிட்டு, "இத அனுப்பினா உன் பதவி உயர்வு அவ்வளவுதான்" என்றார். அனுப்பினார். அதுவரை அவரைப் பற்றி நான் சொன்னதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அந்த மின்பலகையைத் தவிர.

நிதி கிடைத்தது. தண்ணீர்த்தொட்டிக்கு ஐந்து மணி வண்டி, மூன்று மாதச் சோதனை ஓட்டம். தினமும் நாற்பது பேராவது ஏறினால்தான் தொடரும். கணக்கெடுப்பாளர் பணிமனையிலிருந்து அதே வண்டியில் வர வேண்டும் என்று புதுக் குறிப்பு எழுதினேன். முதல் நாள் நானே போனேன். சண்டை நடந்து அதற்குள் மூன்று வாரம் ஆகியிருந்தது; தங்கை என் போனை எடுக்கவே இல்லை.

வண்டி போய் நின்றபோது அவர்களால் நம்ப முடியவில்லை. கொஞ்ச நேரம் வெளியே நின்றே பார்த்தார்கள். பிறகு மொத்தமாக முண்டியடித்து ஏறினார்கள். செங்கல் சூளை அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, "நல்லாத்தான் எழுதியிருக்க" என்றாள். நான் படிக்கட்டருகே நின்று, ஏறுகிறவர்களைக் குறித்து, எங்கே இறங்குவார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். எழுபது ஆனது, எண்பது ஆனது.

எல்லோரும் ஏறிய பிறகு தங்கை வந்தாள். வேலைக்குக் கொண்டுபோகும் அதே சாப்பாட்டுப் பை. பைக்குள் ஒன்றும் இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. ஏறி, என் எதிரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேற வேலை கெடைச்சுதா?"

"இல்ல."

"அப்ப எங்க போற?"

"எங்கயும் இல்ல. நாப்பது பேர் ஏறலன்னா நிறுத்திடுவாங்களாமே. எழுது."

எண்பத்து மூன்று பேர் ஏற்கெனவே ஏறிவிட்டார்கள் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. எண்பத்து நான்கு என்று எழுதினேன். இறங்குமிடம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். வண்டி கிளம்பியது.