பக்கத்துப் பெட்டி

மலையுச்சி வயர்லெஸ் கோபுரத்தின் பாதி உயரத்தில் கொழுந்தன் இடுப்பு வாரில் தொங்கியபடி ஆன்டெனாவின் கிளாம்பை முறுக்கிக்கொண்டிருந்தான். கீழே தகர அறைக்குள், ஆம்புலன்ஸ் வயர்லெஸைப் பராமரிக்கும் அவள் ஸ்பீக்கரில் காதை வைத்திருந்தாள்.

"இப்ப எப்படி அண்ணி?"

"கொஞ்சம் பேசாம இரு. உங்கண்ணன் ஆம்புலன்ஸ்லருந்து கூப்பிடறாரு."

அந்த அறையில் இரண்டு ரிப்பீட்டர்கள். ஒன்று ஆம்புலன்ஸ்களுக்கு. பள்ளத்தில் ஓடும் வண்டியின் மெலிந்த குரலை வாங்கி, ஊர்வரை எட்டும்படி திருப்பி அனுப்பும். மற்றது குவாரிக் கம்பெனியின் லாரிகளுக்கு. லாரிக்காரர்கள் பேச ஆரம்பித்தால் பக்கத்து ஆம்புலன்ஸ் பெட்டிக்குக் காது அடைத்துவிடும். ஆன்டெனாவை எவ்வளவு தள்ளி வைத்தாலும் தொல்லை குறைந்ததே தவிரப் போகவில்லை. இரைச்சல் கிளம்புவது கம்பெனிப் பெட்டியிலிருந்து. இரைச்சலை வடிகட்டும் பில்டரை அதில்தான் மாட்ட வேண்டும். ஆஸ்பத்திரி வாங்கித் தந்த பில்டர், கம்பெனி சம்மதிக்காமல் மூலையில் கிடந்தது.

"கன்ட்ரோல், பேஷண்டுக்கு மூச்சு..." கணவனின் குரல் கொர்ரென்ற இரைச்சலில் மூழ்கியது. "...எங்க கொண்டுபோக..." மறுபடி இரைச்சல்.

அவள் குவாரி மேற்பார்வையாளருக்குப் போன் போட்டாள்.

"சார், அஞ்சு நிமிஷம் உங்க வயர்லெஸ் செட்டை நிறுத்தணும். ஆம்புலன்ஸ்ல உயிர் ஊசலாடுது."

"ஒத்தை ரோடும்மா. செட் இல்லன்னா எதிரெதிரே முட்டிக்குவானுங்க."

"அப்ப லாரிய நிப்பாட்டச் சொல்லுங்க."

"உங்க வண்டிக்காக என் லோடு நிக்கணுமா? வேலையப் பாரு." இணைப்பு அறுந்தது.

கம்பெனிப் பெட்டியின் பக்கத்தில் சோதனைக்கான மைக் தொங்கியது. அவள் அதை எடுத்தாள்.

"லாரிக்கார அண்ணங்களா, இருக்கற எடத்துலயே ஓரங்கட்டுங்க. ஆம்புலன்ஸ் பேசணும். செட்டை நிறுத்தப்போறேன்."

 பிறகு கரகரத்த தொண்டை ஒன்று, "நான் நின்னுட்டேன் தாயி" என்றது. "நானும்." "நின்னாச்சு." கடைசி லாரியும் சொன்ன பிறகே சுவிட்சை அணைத்தாள்.

கணவனின் குரல் பளிச்சென்று வந்தது. "கன்ட்ரோல், நெஞ்சுல அடி. எங்க கொண்டுபோகட்டும்?" பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிப் பதிலும் வந்தது. அதற்குள் அவள் கேபிளைக் கழற்றி, நடுவில் பில்டரை மாட்டி, கம்பெனிப் பெட்டியை மறுபடி போட்டாள். லாரிகள் பேசின. ஆம்புலன்ஸும் பேசியது. ஒன்றை ஒன்று தொடவில்லை.

"அண்ணி, சரியாயிடுச்சா?" கொழுந்தன் மேலிருந்து கத்தினான். அவள் வெளியே வந்து கையை உயர்த்திக் காட்டினாள்.

மேற்பார்வையாளரின் ஜீப் புழுதியோடு வந்து நின்றது.

"யாரக் கேட்டு எங்க பெட்டியத் தொட்டே?"

"ரெண்டும் ஒழுங்கா வேலை செய்யுது சார். நீங்களே கேட்டுப் பாருங்க."

அவன் கேட்கவில்லை. பில்டரைத் திருகிக் கழற்றி அவள் கையில் திணித்தான். கம்பெனிப் பெட்டியைச் சுற்றி இதுவரை பூட்டாமல் கிடந்த கம்பிக்கூண்டுக்குப் புதுப் பூட்டுப் போட்டான்.

"முதல்ல நின்னவன் எவன்? அந்தக் கரகரத் தொண்டைதானே?"

"எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

அவளும் கொழுந்தனும் பைக்கில் மலையிறங்கும்போது, வளைவில் ஓர் ஆள் நடந்துகொண்டிருந்தார். ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, மறு கையில் சுருட்டிய போர்வை. கொழுந்தன் பைக்கை நிறுத்தினான்.

"அந்த ஆள் பொழச்சானா தாயி?" அதே கரகரத்த தொண்டை.

"ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாச்சாம்."

"அது போதும்" என்றார் அவர்.

பின்னாலிருந்து ஹாரன் அலறியது. மூவரும் ஓரம் ஒதுங்கினார்கள். அவர் ஓட்டிய லாரி, வேறொருவன் கையில், கல் பாரத்தோடு அவர்களைத் தாண்டிப் போனது.