விட்டுப்போன ஒற்று

மற்றவர்கள் எழுத்தில் ஓர் ஒற்று விட்டுப்போனாலும் எனக்குப் பல் கூசும். பதினெட்டு வருடமாகப் பிழை திருத்திப் பிழைக்கிறவள் நான். அப்படிப்பட்டவள், என் சொந்தக் கம்ப்யூட்டர் திரையில் மூக்குக்கு நேரே எட்டிப்பார்க்கும் பெட்டியை மூன்று வருடமாக ஒழுங்காகப் படித்ததே இல்லை. படிக்க வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

அவர் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஃபயர்வால் என்ற காவல்காரனைப் போட்டதும் அவர்தான். எந்தப் புரோகிராம் இணையத்துக்குப் போகப் பார்த்தாலும் அது திரை ஓரத்தில் ஒரு பெட்டி காட்டி, அனுமதியா தடுக்கவா என்று கேட்கும். எதற்கு என்ன பதில் என்று ஒரு சீட்டில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டியிருந்தார். "மண்டையைப் போட்டு உடைச்சுக்காத. சீட்டைப் பார்த்து அழுத்து, போதும்."

இன்று நான்கு மணிக்குள் நான் ஒரு பதில் அனுப்பியாக வேண்டும். அக்கா இருக்கும் ஊரில் ஒரு பதிப்பகத்தில் வேலை, வருகிறேனா, இல்லையா? இது மூன்றாவது அழைப்பு. முதல் இரண்டையும் நான் வாயே திறப்பதற்குள் அவர் கண்டுபிடித்துவிட்டார். சாப்பிடும்போது, "எங்கேயாவது போகணும்னு தோணுதாம்மா? நான் தனியா என்ன பண்ணுவேன்?" என்பார். நானும் உருகிப்போய், வரவில்லை என்று எழுதிவிட்டேன். "சொல்லாமலே என் மனசு தெரிஞ்ச மனுஷன்க்கா" என்று அக்காவிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு. வெட்கக்கேடு.

மூன்று மணிக்கு ஃபயர்வால் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. பழைய பதில்களை எல்லாம் மறந்துவிட்டு முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தது. பிரவுசரா? சீட்டில் அனுமதி. வைரஸ் தடுப்பா? அனுமதி. அடுத்த பெட்டி வந்தது.

"அச்சு பொறி உதவி வெளியே செல்ல முயல்கிறது."

சீட்டிலும் அதே பெயர்தான்: "அச்சு பொறி உதவி – எப்போதும் அனுமதி." விரல் பாதி வழி போய்விட்டது. ஆனால் பல் கூசியது. அச்சுப்பொறி அல்லவா? நடுவில் இருக்க வேண்டிய ப் எங்கே? அதை விழுங்குகிறவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். "உங்களுக்கு ப் மேல என்னங்க கோபம்?" என்று கல்யாணமான புதிதிலிருந்தே கேலி செய்திருக்கிறேன். இந்தப் பெயர் எந்தக் கம்பெனிக்காரனும் வைத்ததில்லை, அவர் கையால் தட்டியது. போதாததற்கு, எங்கள் அச்சுப்பொறி பழைய சாமான்காரரிடம் போய் எட்டு மாதம் ஆகிறது.

முதல்முறையாக "விவரம்" என்பதை அழுத்தினேன். செல்லும் இடம் என்ற வரியில் அவருடைய அலுவலகத்தின் பெயர். புரோகிராம் இருந்த ஃபோல்டரைத் திறந்தேன். உள்ளே என் திரையின் படங்கள், பத்து நிமிடத்துக்கு ஒன்று. அக்காவுக்கு நான் பாதி எழுதி அழித்த கடிதம்கூட இருந்தது.

மனசு தெரிந்த மனுஷன்! அனுமதித்தால் நான் எழுதும் பதில் அவர் கண்ணில் படும். தடுத்தால் படம் வராததே காட்டிக்கொடுத்துவிடும். எதையும் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்றரைக்குப் போன் வந்தது.

"கம்ப்யூட்டர்ல பெட்டி ஏதாவது வந்துச்சாம்மா?"

"வந்துச்சு."

"சீட்டைப் பார்த்து அனுமதி குடுத்துடு."

"எதுக்குங்க?"

"பிரிண்டருக்குத்தான்."

"நம்மகிட்ட பிரிண்டரே இல்லையேங்க."

"நீ எதையும் தொடாத. இதோ கிளம்பிட்டேன்" என்றார்.

அங்கிருந்து வீட்டுக்கு நாற்பது நிமிடம். "இந்த முடிவை நினைவில் வை" என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டுத் "தடு" என்பதை அழுத்தினேன். பதிப்பகத்துக்கு "வேலைக்கு வருகிறேன்" என்று எழுதி, ஒற்று சரிபார்த்து அனுப்பினேன். சீட்டைப் பிய்த்து, விட்டுப்போன ப்-ஐச் சிவப்புப் பேனாவால் போட்டு, "எப்போதும் அனுமதி" என்பதைக் குறுக்கே அடித்து, அவர் தட்டு வைக்கும் இடத்தில் வைத்தேன்.

நாலு துணியைத் திணித்த பையைத் தூக்கிக்கொண்டு படியில் பாதி இறங்கிய பிறகுதான் செருப்பு ஜோடி மாறியிருப்பது தெரிந்தது. திரும்பிப் போகவில்லை.