கீழ்ப்பக்கம் பிடித்தவன்

இடது தோள் வலித்தது. சுமை தூக்குவதை விட்டுப் பதினோரு வருடமாகியும், அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் உள்ளே யாரோ ஆணியைத் திருகுகிற மாதிரி இருக்கிறது கட்டையனுக்கு. தைலம் தேய்த்துவிட்ட மனைவி, "மேல்பக்கம் புடிச்ச உங்களுக்கே இப்படின்னா, கீழ்ப்பக்கம் புடிச்ச அண்ணனுக்கு எப்படி இருக்கும்?" என்றாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் வேலையில் அவனும் நெட்டையனும் பத்தொன்பது வருடம் ஜோடி. பீரோவைப் படியில் ஏற்றினாலும் இறக்கினாலும் கீழே நிற்பவன் மேல்தான் கனம் மொத்தமும் உட்காரும். நெட்டையன் ஒருநாளும் அந்த இடத்தை விட்டுக்கொடுத்ததில்லை. "நீ மேல போடா கட்டையா. கீழ நின்னா அப்புறம் உன்னை பீரோவுக்கு அடியில தேடணும்" என்பான். லாரி கிளம்பியதும், திறந்த பின்பக்கத்தில் காற்று முகத்தில் அடிக்க, யாரோ ஒருவருடைய சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொள்வார்கள். "எவன் வாங்கினா என்ன, எறக்குற வரைக்கும் நம்ம சொத்துதான்." சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகும். அந்தக் காற்று பிறகு எந்த நாற்காலியிலும் வீசவில்லை.

கட்டையனை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். வெள்ளைச் சட்டை வந்தது, பையில் பேனா வந்தது, ஒற்றை அறை வீடு போதாமல் போனது. மூன்றாவது மாடியில் பால்கனி வைத்த வீடாகப் பார்த்தான். குடிபோன ஞாயிற்றுக்கிழமை, கூப்பிடாமலே விடியற்காலையில் வந்து நின்றான் நெட்டையன்.

பீரோ இரண்டாவது மாடி தாண்டியபோது, எதிர்வீட்டு வங்கி அதிகாரி இறங்கி வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. பனியனோடு நின்ற கட்டையனுக்குக் காது சுட்டது.

"நீங்கதான் புதுசா வர்றவங்களா?"

"ஆமா சார். கம்பெனியில சூப்பர்வைசரா இருக்கேன்."

அவர் எட்டிக் கீழே பார்த்தார். "இவர் உங்க தம்பியா?"

"சேச்சே. கூலி ஆளு சார். இன்னைக்கு ஒருத்தன் வரல, அதான் நானே ஒரு கை குடுத்தேன்."

அதிகாரி தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், குப்பையை எங்கே வைப்பது என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கீழே நெட்டையன் பீரோவில் கன்னத்தை அழுத்தியபடி நின்றான். பாதிப் படியில் விட்டுவிட்டுப் போகக்கூடிய சாமான் இல்லை அது.

மேலே கொண்டுபோய், சுவரில் கீறல் படாமல் இறக்கி வைத்தான். "அண்ணே, கை கழுவுங்க, சாப்பாடு ஆயிடுச்சு" என்றாள் கட்டையனின் மனைவி.

"இருக்கட்டும்மா" என்றான். பிறகு கட்டையன் பக்கம் திரும்பி, "வேற ஏதாவது தூக்கணுமா சார்?" என்றான்.

கட்டையன் கேலி என்று நினைத்துச் சிரித்தான். நெட்டையன் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமையும் சார்தான். அதற்குப் பிறகு எல்லா நாளும் சார்தான். ஒரு வார்த்தை சொல்லி முடித்திருக்கலாம். உள்ளதைச் சொன்னால், மற்ற ஆட்களுக்கு முன்னால் நெட்டையன் வாயிலிருந்து அந்த 'சார்' கேட்க இனிப்பாகவும் இருந்தது. அதிகாரி எட்டு மாதத்தில் மாற்றலாகிப் போனார். போகும்வரை கட்டையன் பெயரை அவர் கேட்கவே இல்லை.

தைலம் தேய்த்த மறுநாள், கட்டையன் நெட்டையன் வீடு தேடிப் போனான். கதவு திறந்தது. தலை நரைத்து, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து நின்றான் நெட்டையன்.

"வாங்க சார்" என்று உள்ளே போய், வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். தோள் துண்டால் துடைத்தான். "உக்காருங்க."

"நீ உக்காருடா."

"பரவால்ல சார், நமக்கு நின்னு பழக்கம்."

கட்டையன் உட்கார்ந்தான். முட்டிவலி பற்றிப் பேசினார்கள், பேரப்பிள்ளைகள் பற்றிப் பேசினார்கள். நெட்டையன் சுவரில் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டே இருந்தான். தப்புப் பண்ணிட்டேன்டா என்ற ஒரு வார்த்தை, பதினோரு வருடக் கடன், அப்போதும் கொடுபடவில்லை.