பம்பாயில் இருக்கும் அப்பா

கேத்தரினுக்கு அந்தச் சனிக்கிழமைகளே அலுத்துப்போயிருந்தன. மாதத்துக்கு ஒருமுறை, ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, ஆஸ்டின் டவுனில் பஸ் ஏறி மெஜெஸ்டிக்கில் இறங்கி, ஜெயில் வாசலில் மனுச்சீட்டு கொடுத்துவிட்டு வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும். கூப்பிட இரண்டு மணி நேரமும் ஆகும், நாலு மணி நேரமும் ஆகும். உள்ளே போனால் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் புருஷன் யேசுதாஸ். பத்தே நிமிஷம்.

யேசுதாஸ் லாரி டிரைவர். அப்பாவைப் போல சுரங்கத்துக்குள் இறங்கமாட்டேன் என்று கோலார் தங்கவயலை விட்டு பெங்களூருக்கு வந்தவன். போன வருஷம் குடித்துவிட்டு வண்டி ஓட்டி, பொம்மனஹள்ளி பக்கத்தில் சைக்கிளில் போன ஒருவர் மேல் ஏற்றிவிட்டான். அந்த மனுஷர் அங்கேயே இறந்துபோனார். இரண்டு வருஷம் தண்டனை. தீர்ப்பான அன்று அவன் கேத்தரினிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். மகள் மௌரீனை இங்கே கூட்டிவரக் கூடாது.

எட்டு வயது மௌரீனிடம் அப்பா பம்பாயில் லாரி ஓட்டுகிறார் என்று சொல்லி வைத்தாள். அதோடு விட்டதா? பம்பாயில் கடல் எப்படி இருக்கும், அங்கேயும் மழையா, கிறிஸ்துமஸுக்கு ஏன் வரவில்லை என்று அவள் கேட்கக் கேட்க, வேலைவிட்டு வந்த களைப்பில் ஒவ்வொன்றுக்கும் பதில் ஜோடிக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு தனலக்ஷ்மி அதுதான் சரி என்றாள். குழந்தை ஜெயிலைப் பார்த்தால் ஆயுசுக்கும் மறக்காது என்றாள்.

கொஞ்ச நாளாக மௌரீன் எதுவும் கேட்பதில்லை. அந்த மட்டுக்கும் நிம்மதி என்று கேத்தரினும் இருந்துவிட்டாள். அக்டோபர் மாதம் ஒரு சனிக்கிழமை, அவள் புறப்படத் தலை வாரிக்கொண்டிருந்தபோது மௌரீன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நானும் ஜெயிலுக்கு வர்றேம்மா."

யார் சொன்னது என்று கேட்டாள் கேத்தரின். கூடப் படிக்கும் பெண்ணின் அப்பா போலீஸாம். ஈஸ்டருக்கு முன்னாலேயே வகுப்பில் எல்லோருக்கும் தெரியுமாம்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"நீதான் பம்பாய்னு சொன்னியே. நானும் அப்படியே வெச்சுக்கினேன்."

கேத்தரினுக்கு அழுகைகூட வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மகளைப் பக்கத்தில் இழுத்து அவளுக்கும் தலை வாரிப் பின்னினாள்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் யேசுதாஸ் மகளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"புள்ளய இட்டுக்கினு வராதன்னு சொன்னேன்ல," என்றான், சுவரைப் பார்த்து.

சுற்றிலும் இருபது பேர் கன்னடத்திலும் உருதுவிலும் கத்திக்கொண்டிருந்தார்கள். மௌரீன் தனக்குப் பல் விழுந்ததைச் சொன்னாள். அவன் காதில் விழவில்லை. வலையில் வாயை வைத்து இன்னொரு தரம் உரக்கச் சொன்னாள். மெதுவாகத் திரும்பினான்.

"எந்தப் பல்லு?"

அவள் வாயைத் திறந்து காட்டினாள். வலைக்குள் விரலை விட்டுப் பார்த்தான், நுழையவில்லை. அதற்குள் நேரமாகிவிட்டது என்று வார்டர் விரட்டினார்.

வெளியே வந்ததும் மௌரீன் சாலையோரம் வாந்தி எடுத்தாள். கேத்தரின் முந்தானையால் அவள் வாயைத் துடைத்தாள்.

"அடுத்த மாசம் நான் வரலம்மா. பம்பாயே நல்லா இருந்திச்சு."

சரி என்றாள் கேத்தரின். தனலக்ஷ்மி சொன்னதுதான் சரியோ என்னவோ. இனி மறைக்கவும் ஒன்றுமில்லை, யோசித்துப் பார்க்க உடம்பில் தெம்பும் இல்லை.

அடுத்த இரண்டு மாதமும் தனியாகத்தான் போனாள். யேசுதாஸ் அவள் தோளுக்குப் பின்னால் பார்ப்பான்.

ஜனவரியில் அவள் கதவைப் பூட்ட வந்தபோது மௌரீன் செருப்பு போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். எதற்கு மனசு மாறியது என்று கேத்தரின் கேட்கவில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிப்போனார்கள். மெஜெஸ்டிக் வந்ததும் கண்டக்டர்தான் எழுப்பிவிட்டார்.