ஆமென் சொல்லும் முன்

கத்தார் வேலைக்கான அழைப்பு வந்தபோது திவாகரன் குளித்துக்கொண்டிருந்தான். அவனுடைய போன் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் சார்ஜில் கிடந்தது. மனைவி சர்மிளா எடுத்தாள். ஏஜென்சிப் பெண், விசா வந்துவிட்டது, திங்கட்கிழமை கொழும்புக்கு வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றாள். சர்மிளாவுக்கு அந்த நேரம் என்ன வந்ததோ, "அவரு வரமாட்டாருங்க. வேற ஆளப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த கையோடு அந்த இலக்கத்தையும் போனிலிருந்து அழித்தாள். மாமியார் கடைக்குப் போயிருந்தாள். குசினியில் வேறு யாரும் இல்லை.

யாரும் இல்லை என்று அந்த வீட்டில் சொல்லிவிட முடியாது. அதுதான் சிக்கல்.

சர்மிளா ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்துப் பெண். அங்கே மாரியம்மன் தன் கோயிலுக்குள்ளேயே இருந்தாள்; மத்தியானம் நடை சாத்தினால் அம்மனுக்கும் ஓய்வு, மனிதருக்கும் ஓய்வு. திவாகரனைக் கட்டி, ஞானஸ்நானம் வாங்கி, கட்டுகஸ்தோட்டைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. மாமியார் ஞானம்மாவின் ஆண்டவருக்கு நடை சாத்துகிற பேச்சே கிடையாது. மா டின்னுக்குப் பின்னாலும் இருப்பார், கண்டி பஸ்ஸிலும் கூட வருவார், இருட்டிலும் அவருக்குக் கண் தெரியும். அப்படியானால் போன் விஷயத்தையும் பார்த்திருப்பார். பார்த்தவர் இனி என்ன செய்வார்?

முதல் இரண்டு நாள் பயந்தாள். பால் திரியும் என்று எதிர்பார்த்தாள், ஒழுங்காகப் பொங்கியது. கரண்ட்கூடப் போகவில்லை. பிறகு பயம் குறைந்து, இந்தப் பார்க்கிற விஷயம் எப்படி நடக்கிறது என்று அறியும் ஆவல் பிடித்துக்கொண்டது. துணி காயப்போடும்போது அடுத்த வீட்டு மஸீனாவிடம் மெல்லக் கேட்டாள்.

"அக்கா, ஒங்க அல்லாவும் எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருப்பாரா?"

"பாக்கிறது மட்டுமா புள்ள? ரெண்டு தோள்லயும் மலக்குமார், ஒங்கட தேவதூதர் மாதிரி, இரிக்கிறாங்க. ஒருத்தர் நல்லத எழுதுவாரு, எடது தோள்ல இரிக்கிறவர் கெட்டத எழுதுவாரு."

"எழுதினத எப்ப வாசிப்பாங்க?"

"மறுமையிலதான். ஏன், நீ என்ன செஞ்ச?"

"சும்மாதான் கேட்டேன்" என்று சர்மிளா வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். அன்று முழுக்க இடது தோள் பாரமாக இருந்தது.

ஞானம்மாவிடமும் கேட்டுப் பார்த்தாள். "அத்தை, ஆண்டவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. அப்புறம் ஏன் நாம ஜெபத்துல சொல்லணும்?"

"வெங்காயத்த உரிச்சியா?" என்றாள் ஞானம்மா.

அந்த வீட்டில் ஜெபம் ஏழு மணிக்கு. மூவரும் முழங்கால் போட்டு, கண்ணை மூடி, ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். ஒருவர் ஆமென் சொல்லும்வரை மற்றவர்கள் வாயையும் திறக்கக்கூடாது, கண்ணையும் திறக்கக்கூடாது. நேரே சொல்ல முடியாததையெல்லாம் அவர்கள் ஆண்டவரிடம் சொல்வார்கள். சேரவேண்டிய ஆள் பக்கத்திலிருந்து கேட்டுக்கொள்வார். "கர்த்தாவே, உப்ப அளவாப் போடுற ஞானத்த என் மருமகளுக்குக் கொடும்" என்று ஞானம்மா ஒருநாள் மன்றாடினாள். மறுநாள் குழம்பில் உப்புக் குறைந்தது. ஜெபம் கேட்கப்பட்டது என்று சபையில் சாட்சியே சொன்னாள். சர்மிளாவின் முறை வந்தால் மட்டும் ஒரே வரி: "எல்லாருக்கும் சொகம் கொடும், ஆமென்."

இப்போது தினமும் ஞானம்மாவின் மன்றாட்டு கத்தாரைப் பற்றித்தான். கூரைத் தகரத்தைக் கழற்றிவிட்டு கொங்கிரீட் சிலாப் போடவேண்டும் என்பது அவளுடைய பல வருட ஆசை. "அந்தப் போன் கோல வரப்பண்ணும் ஆண்டவரே!" வந்த அழைப்பை வரச்சொல்லிக் கேட்கிற அந்தக் குரலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டிருப்பது சர்மிளாவுக்கு முள்ளாகக் குத்தியது. ஆனாலும் அவளால் வாய் திறக்க முடியவில்லை. அவளுடைய அண்ணன் நான்கு வருடம் கத்தாரில் இருந்து திரும்பியபோது, பெற்ற மகளே அவனைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

இப்படியே இரண்டு வாரம் போய், மூன்றாம் கிழமை ஞானம்மா உபவாசத்தில் இறங்கினாள். சீனி வியாதிக்காரி, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் தண்ணீர்க் குழாயடியில் தலை சுற்றிச் சுவரில் சாய்ந்துவிட்டாள். சர்மிளா தேத்தண்ணியோடு ஓடிவந்தாள்.

"குடிங்க அத்தை!"

"வேணாம். கோல் வர்ற வரைக்கும் இப்படித்தான்."

கோல் வரப்போவதில்லை என்று தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்ற நினைப்போடு சர்மிளா கோப்பையும் கையுமாக நின்றாள். பால் திரிவதும் கரண்ட் போவதும் கிடக்கட்டும், இதுவா ஆண்டவர் பார்த்ததற்குப் பதில் என்று அவளுக்கு அழுகை முட்டியது.

அன்று ஏழு மணிக்கு அவளே முதலில் தொடங்கினாள்.

"ஆண்டவரே, ஒங்களுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியாது. அந்தக் கோல் வந்திருச்சு. மூணு கெழமைக்கு முந்தியே வந்திருச்சு. நாந்தான் எடுத்தேன். அவரு வரமாட்டாருன்னு நாந்தான் சொன்னேன். அவரு இல்லாம எனக்கு இருக்க ஏலாது."

ஞானம்மாவின் மூச்சு ஒருகணம் நின்று, பிறகு பெரிதாக வந்தது. ஆனால் ஜெபம் முடியவில்லையே. அவள் வாயைத் திறக்கவில்லை. ஆமென் சொன்னால் எல்லாக் கண்ணும் திறக்கும் என்பது சர்மிளாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆகவே மஸீனாவின் முழங்கால் வலிக்காக ஜெபித்தாள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நெரிசலில் நிற்கிற வாகனங்களுக்காக ஜெபித்தாள். பஸ் கொண்டக்டர்கள் அனைவருக்காகவும் ஜெபித்தாள். அதற்குமேல் உலகத்தில் ஆள் கிடைக்கவில்லை. மெல்ல ஒரு கண்ணைத் திறந்தாள்.

திவாகரன் இரண்டு கண்ணையும் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமென்" என்றாள் அவள், பாதிக் குரலில்.

அம்மா வாய் திறக்குமுன் அவன் முந்திக்கொண்டான். "ஆண்டவரே, நானும் சொல்லணும். அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு ஏஜென்சியில திரும்ப எடுத்தாங்க. வீட்டுல வேணாம்னு சொன்னாங்களே, நெசமான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். எனக்கும் போக விருப்பமில்ல. அம்மாகிட்டச் சொல்லப் பயம். ஆமென்."

மூன்று கிழமையாக சர்மிளா மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முழங்கால் போட்டிருந்தவனை ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஞானம்மாவின் முறை.

"கர்த்தாவே, இதுக ரெண்டு மேலயும் எனக்கு ஆத்திரமா வருது. நீர் பாக்குறீர், மறைக்க ஏலாது. இவ்வளவு நாளும் ஒம்மகிட்டயே கேட்டேன். போறியாடான்னு அவன்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. அதையும் நீர் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீர்." மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "இப்ப எனக்குப் பசிக்குது. ஆமென்."

சர்மிளா ஓடிப்போய்ச் சோறு போட்டுக் கொண்டுவந்தாள். ஞானம்மா கதிரையில் உட்கார்ந்து, பிசைந்து, முதல் வாயை மென்று விழுங்கினாள். பிறகு நிமிர்ந்து மருமகளை நேருக்கு நேர் பார்த்தாள்.

"கொழம்புல உப்பு பத்தாது, சர்மிளா" என்றாள்.